மூணாவது கோட்டிங்

"நீங்க அடிச்சது பெயிண்டா, இல்ல வெறும் தண்ணியா?"

பெயிண்டர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"வந்து பாருங்க. திரும்ப வந்து நிக்குது!"

உள் அறைச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், நீல மெழுகுக் கலரில் மூன்று உருவங்கள். மீசை வைத்தது ஒன்று, ஜடை போட்டது ஒன்று, நடுவில் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு பொடியாக ஒன்று.

மகள் ஐந்து வயதில் வரைந்தது. அழித்தும் அழியாமல் இத்தனை வருஷமும் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. வீட்டை விற்பதென்று முடிவாகி பீரோவை நகர்த்தியதும் வெளியே வந்தது. போன வாரம் அதன் மேல் பெயிண்ட் அடித்தாயிற்று. இரண்டே நாளில் படம் தெரிந்தது. இரண்டாவது கோட்டிங்கும் கொடுத்தாயிற்று. இன்று காலையில் பார்த்தால் மறுபடியும்.

நடுவில் பற்பசை, சோடா உப்பு, வினிகர், மண்ணெண்ணெய் என்று அவள் தேய்க்காத தேய்ப்பில்லை. "மெழுகு லேசுப்பட்டது இல்லக்கா, எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சாலும் மேல வந்துடும்" என்று பக்கத்து வீட்டுக்காரி வேறு பயமுறுத்தியிருந்தாள்.

"நாலு மணிக்கு வீடு பார்க்க வர்றாங்க. ஏற்கெனவே ரெண்டு பேர் வேணாம்னு போயிட்டாங்க. சுவர்ல ஈரம் ஏறியிருக்குன்னு இவங்களும் நினைச்சா அவ்வளவுதான். பொண்ணு பக்கத்துல போய் இருக்கலாம்னு பார்த்தா, இந்தச் சுவர் விடமாட்டேங்குது."

"அம்மா, இருபது வருஷமா இந்தத் தொழில் பண்றேன்..."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். இன்னிக்கு இது மறையலைன்னா, உங்களைக் கூப்பிடாதீங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிடுவேன்."

பெயிண்டரின் முகம் சுண்டிப்போனது.

நாற்காலியில் இருந்த கணவர் தொண்டையைச் செருமினார். "விடேன். அவர் என்ன பண்ணுவார், பாவம்."

அவ்வளவுதான், அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பேசாதீங்க! இந்தப் படத்துக்காகப் பிள்ளையை என்ன பாடு படுத்தினீங்க? ஈரத்துணியைக் கையில குடுத்து, போற வரைக்கும் துடைன்னு நிக்க வச்சீங்களே, மறந்துபோச்சா? விக்கி விக்கி அழுதுக்கிட்டே துடைச்சா."

அவர் நாற்காலியில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தார்.

"நாக்கை ஓரமா நீட்டிக்கிட்டுதான் வரைவா பெயிண்டரே. கூப்பிட்டாக்கூடக் காதுல விழாது. முடிச்சதும், 'அம்மா, உன் ஜடையை எவ்வளவு நீளமாப் போட்டிருக்கேன் பாரு'ன்னு இழுத்துட்டுப் போவா." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னிக்கோட சரி. அப்புறம் இந்த வீட்ல ஒரு கோடு போட்டதில்லை. கேட்டா, 'எனக்கு வரையத் தெரியாதும்மா'ன்னுடுவா. ஐயாவுக்கு அப்படி ஒரு கல்நெஞ்சு."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயிண்டர் உப்புத்தாளோடு சுவரோரம் குந்தினார். தேய்க்கப் போனவர், என்ன நினைத்தாரோ, படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். விரலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அம்மா, இது உள்ளேயிருந்து வரலை."

"பின்னே எங்கேயிருந்து வருதாம்?"

"உள்ளேயிருந்து வந்தா மங்கலாத்தான் தெரியும். இது பெயிண்டுக்கு மேல பளிச்சுன்னு ஒட்டியிருக்கு. இதோ, மெழுகுத் தூள்கூடக் கீழே அப்படியே கிடக்கு. புதுசா வரைஞ்சதும்மா இது."

கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினார். நீலமாக இருந்தது.

"வீட்ல சின்னப் பிள்ளை யாராச்சும் இருக்கா?"

"சின்னப் பிள்ளையா? எங்க ரெண்டு பேரை விட்டா இங்கே யாரு..." என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாற்காலியில் அவர் வலது கையை இடது கைக்குள் பொத்திவைத்துக்கொண்டு, தலை குனிந்திருந்தார். வெள்ளைச் சட்டையில், வயிற்றுப் பக்கம், அவசரமாகத் துடைத்த நீலம்.

அவள் சுவரோரம் போனாள். பெயிண்டர் கையிலிருந்த உப்புத்தாளை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"இருக்கு, ஒண்ணே ஒண்ணு. அழிச்சா அழும். விட்டுடுங்க."