முக்கால் வட்டி

"தொரை, நல்லா பாத்துக்குங்க. இந்தக் கிணறுதான்!"

பிச்சாட்டூர் எத்திராஜ் மார்பை நிமிர்த்திக்கொண்டு காட்டினார். உலக வங்கிப் பணத்தில், நில அடமான பேங்க் கொடுத்த கடனில் வெட்டிய கிணறு. தண்ணீர் தளும்பியது. பார்க்க வந்த உலக வங்கி வெள்ளைக்காரத் துரை 'சரி' என்று தலையாட்டினால் போதும், மோட்டாருக்கான பணமும் பேங்கிலிருந்து வந்துவிடும்.

துரையும் தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். எத்திராஜ் நிலத்தைத் தரிசாகப் போட்டாலும் வாயைச் சும்மா போட மாட்டார்.

"டீச்சரம்மா, எங்களுக்கு வருஷத்துக்கு நூத்துக்கு ஒம்போது வட்டி. இவங்க எவ்ளோக்குக் குடுத்தாங்கன்னு கேளுங்க."

மொழிபெயர்க்க வந்த மிஷன் ஸ்கூல் கிருபாபாய் டீச்சர் கேட்டார். பதிலைக் கேட்டு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"வருஷத்துக்கு நூத்துக்கு முக்கால் ரூபாதானாம். திருப்பிக் கட்ட அம்பது வருஷமாம்!"

"அடப்பாவிங்களா! முக்கால் எங்க, ஒம்போது எங்க?"

துரை நெளிந்தார். பணம் டில்லிக்கு வந்து, பம்பாய், ஐதராபாத், சித்தூர் என்று கைமாறித்தான் இங்கே வருகிறதாம். வழியில் ஒவ்வொருவருக்கும் செலவு இருக்கிறதாம்.

"இன்னா பெரிய செலவு? இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுக்கறவன்லாம் நடுவுல துன்னுக்கினு இருந்தா, வெயில்ல மண்ணு வெட்டறவன் இன்னாத்த துன்னுவான்? வயிறு எரியுது டீச்சரம்மா!"

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பேங்க் சூப்பர்வைசர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. இவர் சொல்வது நியாயம், வட்டியைக் குறைக்கச் சொல்லி நானே எழுதுகிறேன் என்று நோட்டை எடுத்தார்.

"சிங்கம்யா எங்க எத்திராஜ்!" என்றார் ஒருவர். எத்திராஜ் மீசையைத் தடவிக்கொண்டார்.

கிணற்று மேட்டில் நின்றிருந்த பக்கத்துக் கொல்லைக் கன்னியம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். புருஷனை இழந்தவள்.

"எத்திராஜண்ணா, நீ நல்லா இருக்கணும்! பட்டா என் பேர்ல இல்ல, பேங்க்ல எனக்குக் கடன் குடுக்க மாட்டாங்கன்னு, உன் பேர்ல வாங்கி என் கிணத்துக்குக் குடுத்தியே... அதுக்கு மாசாமாசம் நூத்துக்கு மூணு ரூபா வட்டி வாங்கறியே, அதையும் இந்தத் தொரையே கொறைச்சிடுவாராண்ணா?"