உம்மா கேட்ட பரிசு

“நாளைக்கி உங்கட பிறந்த நாள். என்ன வேணும் உம்மா? கையில பெரிசாக் காசில்ல,” என்றான் ஹஸன்.

“காசு வேணாம் மகன். வாப்பாவை ரெண்டு நாளைக்கிப் பாலமுனைக்கு, உன்ட பொண்டாட்டி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அவர்ர கதை இல்லாம றேடியோ நாடகம் ஒண்டையாவது முழுசாக் கேக்கணும்.”

அன்றே கூட்டிப் போனான். பெரிய பையொன்றை மடியில் வைத்துக்கொண்டு வாப்பா பஸ்ஸில் வழிநெடுக வாய் ஓயாமல் கதைத்தார்.

இறங்கும்போது, “உம்மாட பிறந்த நாள் எனக்கும் தெரியும். செலவில்லாம ஒரு வேல செஞ்சிட்டுத்தான் வந்தன்,” என்றார்.

“என்ன வாப்பா?”

“பொம்புள தனிய ஊட்டில இரிக்கப் படாதே. எனக்கு மூத்தவ, என்ட ராத்தா றுகையாவை உம்மாவோட நிக்கச் சொல்லிட்டன். கதையில அவ எனக்கும் மேல. பிறகு அங்க றேடியோ எதுக்கு? அதைப் பையில போட்டுக் கொண்டு வந்திட்டன்.”