கிரெத்தா வாசலின் லாடம்

பனிமலை அடிவாரத்தில், மூலிகைக் கசாயம் காய்ச்சிக் கொடுக்கும் கிரெத்தாவின் நிலைவாசலுக்கு மேல் ஒரு குதிரை லாடம் இருந்தது. அந்த இரும்புக்குக் கீழே சூனியக்காரி நுழைய முடியாது என்பது ஊர் நம்பிக்கை. லாடத்துக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட.

ஒருநாள் காலை ஊரார் திரண்டு வந்து, “சூனியக்காரி!” என்று கிரெத்தாவையே வெளியே இழுத்தார்கள்.

“அடப்பாவிகளா, தினம் பத்துத் தடவை எனக்குக் கீழேதானே போய் வர்றா!” என்று லாடம் கதறியது.

“வீடு பெருக்கின என்னையே அவள் ஏறிப் பறந்த வாகனம்னு சொல்றாங்க. உன் பேச்சு எடுபடுமா?” என்றது மூலையிலிருந்த துடைப்பம்.

கூட்டம் போனதும் ஒருவன் திரும்பி வந்து லாடத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். தன் வீட்டு வாசலுக்கு மேல் அதை ஆணியடித்து மாட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

“சக்தி உள்ளதுடி. சூனியக்காரியையே பிடிச்சுக் கொடுத்த லாடம்.”

அவள் அண்ணாந்து பார்த்தபடி அதற்குக் கீழே நடந்து வந்தாள். “ஐயோ, இனி இவளும் தினம் எனக்குக் கீழேதானே போய் வருவா!” என்றது லாடம்.