இருபத்திரண்டாம் தேதி, பதினொரு மணி

"இருபத்திரண்டாம் தேதி பதினொரு மணிக்குப் பூனை வெளியே போவான் சார். போகலைன்னா நான் ராஜினாமா பண்ணிடறேன்."

ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் தலைமை டெக்னீஷியன் இப்படிச் சொன்னதும் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, ஜோசியமா?"

"கணக்கு சார்."

வாட்ச்மேனின் நோட்டை அவர் முன்னால் விரித்தாள். நடந்தால் சத்தமே வராது என்பதால் 'பூனை' என்று பேர் வாங்கிய டெக்னீஷியன், வேலை நேரத்தில் வெளியே போன நாட்களை வட்டம் போட்டிருந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, நாலு. ரெட்டிப்பாகுது, அடுத்தது எட்டுன்னு நினைச்சேன். எட்டாம் தேதி கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆள் அசையலை. நோட்டைப் பார்த்தா, ஏழாம் தேதியே போயிட்டு வந்திருக்கான்!"

"அப்போ உங்க கணக்கு தப்பு."

"தப்புதான். திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் இடைவெளி ஒரு நாள் கூடுது சார். அப்படின்னா அடுத்தது பதினொண்ணு. போனான். அப்புறம் பதினாறு. போனான். இதுவரைக்கும் ஆறு தடவை, எல்லாமே பதினொரு மணிக்கு. ஸ்டோர்ல ஆறு ஊசி குறையுது."

"ஆறு தடவை நடந்தா ஏழாவதும் நடக்கணும்னு சட்டமா?"

"அதைத்தான் சோதிச்சுப் பார்க்கப் போறேன்."

"சரி. கையும் களவுமாப் பிடிச்சா நேரா போலீஸ்தான்."

இருபத்திரண்டு. மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தாளே தவிர, பார்வை முழுக்கக் கடிகாரத்தில்.

பதினொன்று. பூனை அசையவில்லை.

பதினொன்று ஐந்து. ராஜினாமா அது இதுவென்று வாயை விட்டிருக்க வேண்டாமோ?

பதினொன்று எட்டுக்கு அவன் டிராயரைத் திறந்தான். எதையோ பைக்குள் போட்டான். கிளம்பினான்.

மூன்று தெரு தள்ளி ஒரு மாடி வீடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே படியேறியவள், கதவைப் படாரென்று தள்ளினாள்.

"மாட்டினியா!"

கட்டிலில் ஒருவர் சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டியிருந்தார். திறந்த சட்டைக்குள் மார்பில் ஆறாத தையல். மெல்லத் தலையைத் திருப்பினார்.

அண்ணன். வீட்டைப் பிரிக்கும் சண்டையில், 'இனி என் முகத்துல முழிக்காதே' என்று ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் விரட்டிய அண்ணன்.

பூனை கையில் ஊசியோடு திரும்பினான். "இதய ஆபரேஷன் மேடம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். அளவு சரியா இருக்கான்னு பார்க்கணும். உடம்பு தேறத் தேற, நாள் தள்ளித் தள்ளி எடுத்தாப் போதும்னுட்டார் டாக்டர். இவரால படி இறங்க முடியாது, என்னை வந்து எடுக்கச் சொன்னார். கேட்காம ஊசி எடுத்தது தப்புதான்."

"நம்ம லேப்ல இவர் பேரே வரலையே?"

"வெறும் நம்பர் போட்டுக் கொண்டு வந்தேன். பேரைப் பார்த்தா நீங்க..."

"ஊர்ல வேற லேபே இல்லையா?"

அண்ணன்தான் பதில் சொன்னார். "இருக்கும்மா. ஆனா நீ பார்த்துச் சொன்னாத்தான் எனக்குத் தைரியம். எதையும் ரெண்டு தடவை சரிபார்க்காம விடமாட்டியே நீ."

அவள் பூனையின் கையிலிருந்த ஊசியை வாங்கினாள். அண்ணனின் கையைப் பிடித்து நரம்பைத் தேடினாள். கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி தேடினாள்.

ரத்தம் எடுத்து முடித்ததும் போன் அடித்தது. மேனேஜர்.

"என்னம்மா, கணக்கு சரியா வந்துச்சா? போலீஸைக் கூப்பிடவா?"

"தேதி மட்டும்தான் சார் சரியா வந்துச்சு. மத்ததெல்லாம் தப்பு. இருபத்தொன்பதாம் தேதி பதினொரு மணிக்கு எனக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும்."