தேறாத மேஜை

"உன் வீட்டுக்காரர் அந்தச் செம்பட்டை முடிக்காரி மேஜையை விட்டு நகரவே மாட்டேங்கிறார்டி" என்றாள் ஐடா, யாரும் கேட்காமலே.

லோர்னா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு ஐடா, மலிவான மதியச் சாப்பாட்டுக்காக ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதிகளை ஒன்று விடாமல் சுற்றுகிறவள். சாப்பாட்டோடு நாலு வம்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

"எந்த மேஜை?"

"ஆத்தங்கரை விடுதியில, வாசலுக்கு நேரா இருக்கே, அந்த இருபத்தொண்ணு மேஜை."

அப்போதுதான் லோர்னாவின் கை நின்றது. அந்த மேஜையை அவளுக்கே தெரியும். புருஷன் வெண்டல்தான் ஒருமுறை காட்டிக் கேலி செய்திருந்தார். இருபத்தொன்று என்கிற சீட்டாட்டத்துக்கு அந்த ஊரில் விடுதிக்கு விடுதி ஒரு சட்டம். சட்டத்தைப் பார்க்காமல் உட்காருகிறவன் மடையன் என்பது வெண்டலின் வேதம். அந்த மேஜையிலோ கையில் பத்தோ பதினொன்றோ சேர்ந்தால் மட்டும்தான் பந்தயத்தை இரட்டிக்க விடுவார்கள். ஏஸ் சீட்டோடு சேர்ந்து தனக்குப் பதினேழு வந்தாலும் சீட்டுப் போடுகிறவள் நிற்காமல் இன்னொன்றை இழுத்துக்கொள்வாள். அது தேறாத மேஜை, அதில் உட்காருவதற்குப் பதில் காசை ஆற்றில் வீசிவிட்டுப் போகலாம் என்று வாய் கொள்ளாமல் சிரித்தவர் அவர்.

ரயில் பட்டறையில் ஆட்களைக் குறைத்தபோது வேலை இழந்த மனுஷன். அதற்கப்புறம் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டு நகரத்துக்குப் போவார். வெள்ளிக்கிழமையானால் பணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைப்பார். நல்ல சட்டமுள்ள மேஜையாகப் பார்த்து உட்கார்ந்து ஜெயித்ததாகச் சொல்வார். லோர்னாவும் அதை நம்பி, என் புருஷன் மாதிரி உண்டா என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் தேறாது என்று தெரிந்தும் ஒருத்தர் தினமும் போய் உட்காருகிறார் என்றால், ஆட்டத்துக்காகவா போகிறார்? ஐடா போனதும் பெட்டியை இறக்கி நாலு உடுப்பை எடுத்து வைத்தாள். நிஜமென்று தெரிந்துவிட்டால் அன்றைக்கே சாக்ரமென்டோவில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது, முப்பது வருஷக் குடித்தனத்துக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடுதியில், காசு போட்டு இழுக்கும் இயந்திரங்களுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஐடா சொன்னதில் பொய் இல்லை. வெண்டல் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே சீட்டுப் போட்டுக்கொண்டு அந்தச் செம்பட்டை முடிக்காரி. சும்மா சொல்லக் கூடாது, அழகிதான். அதுதான் லோர்னாவுக்கு ஆகவில்லை.

நின்று பார்க்கப் பார்க்க இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தால் வெண்டல் எழுந்துவிடுகிறார். சும்மா எழவில்லை, முன்னால் இருக்கும் பந்தயச் சில்லுகள் அத்தனையையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுகிறார். வந்தவர்கள் போய் மேஜை காலியானதும் மறுபடி வந்து உட்காருகிறார். அவளும் சிரித்துக்கொண்டே சில்லுகளை அவர் முன்னால் நகர்த்துகிறாள். ஆக, நாலு பேர் இருந்தால் ஐயாவுக்குப் பிடிக்கவில்லை, அவளும் அவருமாக இருக்கவேண்டும். கட்டின பெண்டாட்டிக்கு வெள்ளிக்கிழமைக் காசு, கண்டவளுக்குக் கைநிறையச் சில்லு.

லோர்னா நேராகப் போய்ப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெண்டலின் முகம் வெளிறிப்போனது. பாதி எழுந்தவரை அவள் விடவில்லை.

"எதுக்கு எழுந்திரிக்கிறீங்க? நான் வந்தது இடைஞ்சலா?"

கைப்பையிலிருந்து இருபது டாலர் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எனக்கும் சீட்டுப் போடும்மா. எங்க வீட்டுக்காரரைக் கட்டிப்போட்டிருக்கிற ஆட்டத்தை நானும் பார்த்துடுறேன்."

அந்தப் பெண் திகைத்துப்போய் வெண்டலைப் பார்த்தாள். வெண்டல் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்த கோட்டுக்காரரைப் பார்த்தார். அவர்தான் அந்தப் பகுதி மேஜைகளுக்கெல்லாம் மேற்பார்வை. பிறகு வெண்டல் குனிந்து மனைவியின் காதருகே பேசினார்.

"பணத்தை எடு, லோர்னா. இந்த மேஜைச் சட்டம் உனக்குத் தெரியாதா? இது தேறாது. எழுந்து வீட்டுக்குப் போ."

"தேறாதுன்னா நீங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

வெண்டல் தாளை எடுத்து அவள் கையில் திணிக்கப் பார்த்தார். அவள் பிடுங்கி மறுபடி மேஜையில் அறைந்தாள். இவளோடு இருப்பதற்காகத்தானே என்று, சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

அதற்குள் கோட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் லோர்னாவைப் பார்க்கவே இல்லை. வெண்டலின் தோளில் கை வைத்தார்.

"காலி மேஜைன்னு ஜனங்க ஒதுங்கிடக் கூடாதேன்னு, எங்க சில்லையே கையில கொடுத்து, வாரச் சம்பளமும் போட்டு உன்னை இங்க உட்கார வெச்சா, நீ வந்த ஆளையே விரட்டுறியா? கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு, வெண்டல். நாளையிலேர்ந்து வர வேண்டாம்."