ஏழாவது துண்டு

கலந்துவிட்டால் எது மகளுடையது என்று எப்படித் தெரியும்? அமுதவல்லி இதை உடனே கேட்கவில்லை. மகன் பரிதி நீட்டிய கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவள் பெயரில் பிட்காயின் என்ற இணையக் காசு, வந்த தடவைக்கு ஒன்றாக ஏழு துண்டுகளாக இருந்தது. ஆறு, பரிதி வாங்கிப் போட்டவை. ஏழாவது, மகள் நறுமுகை தன் முதல் சம்பளத்தில் அனுப்பியது. இருப்பதிலேயே சிறியது. பக்கத்தில் நாளும் நேரமும் இருந்தன. காலை 9.14. அனுப்பிய கையோடு நறுமுகை கூப்பிட்டு, "சேலை வேணாம்னியே, இதை வச்சுக்கோ. செலவு பண்ணிடாத கிழவி" என்று சிரித்தாள். அதற்கு நான்காம் மாதம் விபத்தில் போய்விட்டாள்.

"எல்லாத்தையும் ஒரே துண்டாச் சேர்த்துடலாம்மா. பின்னாடி விக்கும்போது கட்டணம் கம்மியாகும்," என்றான் பரிதி.

"சேர்த்தப்புறம் அக்கா அனுப்பினதைத் தனியாக் காட்டுவியா?"



"அவ அனுப்பின பதிவு இருக்கும்மா, அது அழியாது. ஆனா கலந்தப்புறம் இதுதான் அதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. காசுல பேரா எழுதியிருக்கு?"

"இப்போ தனியாத்தானே இருக்கு."

"தொடாத வரைக்கும் இருக்கும்." கைப்பேசியை இன்னும் அருகில் கொண்டுவந்தான். "சேர்க்கச் சம்மதம்னு விரலை வைம்மா."

மருத்துவமனையில் உடலைக் கொடுக்கும்போதும் இப்படித்தான் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அன்று போட்டுவிட்டாள்.

அமுதவல்லி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து, மற்ற விரல்களை அதன்மேல் மூடிக்கொண்டாள்.