பக்கத்து நூறு

"சார், ரவுண்டு பண்றது அடுத்த பருவத்துப் பாடமாச்சே?"

"அடுத்த பருவத்துல நீங்க இங்க இருக்கணும்ல டீச்சர்?" என்றார் தலைமை ஆசிரியர், கண்ணாடியைத் துடைத்தபடி. "வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதுக்குள்ள நாலாம் வகுப்புல ஒரு பிள்ளை பாக்கியில்லாம, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ரவுண்டு பண்ணிச் சொல்லணும். சொல்லிட்டா, உங்க வேலையை நிரந்தரம் பண்ண நிர்வாகத்துக்கிட்ட நானே பேசறேன்."

மூன்று வருடமாகத் தற்காலிகம். ஆசிரியை சரி என்றார். பெற்றோர் முன்னால் பிள்ளைகளை நிறுத்திக் கேள்வி கேட்டு, பள்ளிக்குப் பெயர் வாங்கப் போகிறார் போலிருக்கிறது. வாங்கட்டும்.

வகுப்புக்குப் போன கையோடு சாக்பீஸை எடுத்தார்.

"நானூத்தி அறுபது. பக்கத்துல இருக்கிற நூறு எது?"

"ஐநூறு!"

"நானூத்தி முப்பது?"

"நானூறு!"

"அவ்வளவுதான். அம்பதும் அதுக்கு மேலயும் வந்தா அடுத்த நூறு. குறைஞ்சா பழைய நூறு."

வகுப்பே தலையாட்டியது, கடைசி பெஞ்சில் ஒருத்தியைத் தவிர. தையல்கடைக்காரர் மகள். ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் எல்லாருக்கும் அவள் கொக்கி.

"டீச்சர், நானூத்தி அறுபதுக்கு ஐநூறு வாங்கிட்டா, மீதி நாப்பது யாருக்கு?"

"யாருக்கும் இல்லடி. இது சும்மா கணக்கு சுலபமாகறதுக்கு."

"எங்கப்பா நாப்பதையும் எண்ணித் திருப்பிக் குடுத்துடுவாரே."

"அதான் உங்கப்பா இன்னும் தையல் மெஷினை மிதிச்சிட்டிருக்கார்."

வாய் தவறி வந்துவிட்டது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. கொக்கியின் முகம் சுண்டிப்போனது. மறுநாளிலிருந்து எல்லாருக்கும் முந்திக்கொண்டு விடை சொன்னது அவள்தான். ஆசிரியைக்கு நிம்மதி.

வெள்ளிக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆசிரியை கரும்பலகையைத் துடைத்து வைத்துவிட்டு, யாரை முதலில் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். தலைமை ஆசிரியர் யாரையும் கூப்பிடவில்லை. "பிள்ளைங்க எல்லாம் அப்பா அம்மா பக்கத்துலயே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"சுற்றுலாக் கணக்கு. பஸ்ஸுக்குத் தலைக்கு ஐநூறு. சாப்பாடு இருநூறு. நுழைவுச்சீட்டு நூறு. திங்கட்கிழமை எல்லாரும் கட்டிடுங்க."

தையல்கடைக்காரர் எழுந்தார்.

"சார், பஸ்காரர் நம்ம கடைக்கு வர்றவர்தான். தலைக்கு நானூத்தி அறுபதுன்னு அவர் வாயாலயே சொன்னாரே. சாப்பாடும் நூத்தி அம்பதுதான். டிக்கெட் வெறும் அம்பத்தஞ்சு."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைமை ஆசிரியர் மட்டும் அசையவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

கொக்கி எழுந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கப்பா, எல்லாரும் சிரிப்பாங்க! நானூத்தி அறுபதுக்குப் பக்கத்து நூறு ஐநூறுதான். சார் சரியாத்தான் சொல்றாரு."

"ஆமாம்பா!" "ஆமாம்மா!" என்று நாலாம் வகுப்பே குரல் கொடுத்தது.

தையல்கடைக்காரர் உட்கார்ந்தார். வேறு யாரும் எழவில்லை. திங்கட்கிழமை பணம் முழுவதும் வசூலானது. செவ்வாய்க்கிழமை ஆசிரியையின் வேலை நிரந்தரமானது.